தேத்தண்ணிக்குக் கடிக்க ஒரு துண்டு

எங்கள் வீட்டுக்குள் சீனி வருவதில்லை. மனைவிக்குச் சலரோகம் என்று டொக்டர் சொன்ன அன்று பின்னேரமே சீனிப் போத்தலைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தவன் நான். யார் வீட்டுக்குப் போனாலும், கோப்பை கைக்கு வருமுன்பே, "இவவுக்குச் சீனி போடாதேங்கோ" என்று குசினிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை. மனைவியை இப்படிக் கவனிக்கிற மனிசன் வேறு யார் இருக்கிறான் என்று அவர்கள் நினைக்க வேண்டும். இப்போது அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சீனி வராத அந்த வீட்டில் என் கையால் காய்ச்சி, என் கையால் துண்டு போட்டு, நாளுக்கு மூன்று தடவை அவளுக்கு நான் கொடுத்து வந்தது என்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சமையல்காரன். டவுன்டவுனில் மூன்று உணவகங்களில், எல்லாமாக இருபத்தெட்டு வருடங்கள் அடுப்புக்கு முன்னால் நின்றவன். என் பிரெஞ்சும் அங்கே படித்ததுதான், சட்டி சூடாயிருக்கும்போது கத்துகிற பிரெஞ்சு. அதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி, வரி அலுவலகம், வீட்டுப் பத்திரம் எழுதிய நொத்தாரிசு என்று எல்லா இடத்திலும் மனைவிக்கு நான்தான் வாய். அவள் தையல் தொழிற்சாலையில் எங்கள் ஆட்களோடேயே வேலை செய்தவள். பொன்ஜூர், மெர்சி, கடையில் சாமான் கேட்க நாலு சொல். அதற்கு மேல் அவளுக்குத் தேவைப்படவில்லை என்று நான் நினைத்திருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

முதுகு வலி என்னை வேலையிலிருந்து நிறுத்திய வருடம், அடுக்குமாடியை விட்டு நகரத்து ஓரத்தில், இல்-பிசாரில் ஒரு பழைய வீட்டுக்கு வந்தோம். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது வருவதற்குள் ஒரு கறி வைத்து இறக்கிவிடலாம், அப்படி ஓர் இடம். சத்தம் இல்லை, சனம் இல்லை. மனைவிக்குப் பிடித்திருந்தது. எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. ஐம்பது பேருக்குச் சமைத்த கைக்கு இரண்டு பேருக்குச் சோறு வடிப்பது ஒரு வேலையா? அவள் வெங்காயம் வெட்டினால் பக்கத்தில் நின்று பிழை பிடித்தேன். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, வெளியில போய் ஏதாவது செய்யுங்கோ" என்று என்னைக் கலைத்துவிட்டாள்.

வெளியில் இருந்தது ஒரு மரம். பின்வளவில், இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம், அவ்வளவு பெரியது. முன்வீட்டுக்காரர் பங்குனி தொடங்கியதும் தன் மரத்தில் வாளி தொங்கவிடுவதைக் கண்டபிறகுதான் எங்களுடையதும் மேப்பிள் என்று தெரிந்தது. இரவில் உறைந்து, பகலில் உருகுகிற அந்த நாலைந்து கிழமைக்குள்தான் மரம் நீர் விடும். டிரில்லால் இடுப்பளவு உயரத்தில், கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துத் துளைத்து, சிறு குழாய் அடித்து, வாளியைக் கொளுவினேன். பத்து நிமிடத்தில் சொட்டத் தொடங்கியது. விரலில் தொட்டு நக்கினால் பச்சைத் தண்ணீர்தான், ஆழத்தில் எங்கேயோ ஓர் இனிப்பு.

முதல் வருடம் வீட்டுக்குள் காய்ச்சினேன். நாற்பது லீற்றர் நீர் வற்றினால் ஒரு லீற்றர் பாணி, இனிப்புப் பாகு, என்று எல்லாரும் சொல்வார்கள். மிச்ச முப்பத்தொன்பது லீற்றரும் எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை. அது எங்கள் குசினிச் சுவரிலும் கூரையிலும் ஏறியது. சுவர்த்தாள் உரிந்து நாக்கு நாக்காகத் தொங்கியது. தட்டுகளை எடுத்தால் கையில் ஒட்டியது. "வீடு வேர்க்குதப்பா" என்றாள் மனைவி. அடுத்த வருடம் காஸ் அடுப்பை வெளியில் வைத்து, விசேஷங்களுக்குச் சமைக்க வைத்திருந்த கிடாரத்தை ஏற்றினேன். பனிக்குள் சப்பாத்துப் புதைய நின்று நாள் முழுக்கக் காய்ச்சினேன். பாதி வற்றியதைப் பழைய வேட்டித் துணியில் வடித்து, உள்ளே கொண்டுவந்து, கடைசிப் பதத்தைக் குசினி அடுப்பில் பார்த்தேன். எனக்கு உயிர் திரும்பி வந்தது. முதுகு வலியைக்கூட மறந்தேன்.

துண்டு பிறந்தது ஒரு தவறால். தொலைபேசியில் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றதில் பாகு பதம் தாண்டிவிட்டது. அடுப்பை நிறுத்திக் கோபத்தில் அகப்பையால் நாலு கிண்டு கிண்டினேன். அது வெளிறி, மணல் மணலாகி, சட்டியோடு இறுகிவிட்டது. கத்தியால் பெயர்த்து ஒரு துண்டை வாயில் போட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன். எங்கள் ஊரில் வெறுந்தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடிப்பது எப்படி என்று சொல்லத் தேவையில்லை. துண்டைப் பல்லுக்கிடையில் வைத்து, பால் விடாத சூடான சாயத்தை அதன்மேல் இழுக்க வேண்டும். அதே மாதிரிக் கரைந்தது. மனைவி மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து தன்னுடைய வெறும் சாயத்தைக் கசாயம் போல் விழுங்கிக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

அந்த வார இறுதியில் மனைவியின் தமையன் கர்க்லாண்டிலிருந்து வந்திருந்தார். மச்சானுக்கு அவளைவிடப் பழைய சலரோகம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அவருக்கு ஓலையில் கட்டிய பனைவெல்லம், பனங்கட்டிக் குட்டான், வரும். எங்கள் ஆட்களில் பாதிப்பேரைப் போல அவரும், பனங்கட்டி சலரோகத்துக்கு ஒன்றும் செய்யாது, அது மரத்துச் சாமான், சீனிதான் விஷம் என்று சத்தியம் செய்பவர். அவருக்கு ஒரு துண்டைக் கொடுத்தேன். கடித்தார், குடித்தார், கண்ணை மூடினார்.

"மச்சான், இது பனங்கட்டிதான்!"

"மேப்பிள்."

"எதுவெண்டால் என்ன? மரம் மரம்தானே. பனைக்கு ஒரு நியாயம், மேப்பிளுக்கு ஒரு நியாயமோ? அவளுக்கும் ஒண்டைக் குடும். பாவம், எத்தினை வருசமா வெறும் சாயத்தைக் குடிக்கிறாள்."

எனக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் காய்ச்சியது அவளுக்கு ஆகும். கலப்படம் இல்லாதது, எங்கள் வளவு மரத்தினது. பின்னர் தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். இதில் இந்தச் சத்து உண்டு, அந்தச் சத்து உண்டு என்று யாரோ எழுதியிருந்ததை மட்டும் வாசித்தேன். தேவையில்லாததை வாசிக்காமல் விடும் கெட்டித்தனம் எனக்கு எப்போதும் உண்டு.

அவளுக்கு முதல் துண்டைக் கொடுத்தேன். அவள் கடித்துவிட்டு ஒரு வாய் குடித்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கலியாணமாகி முப்பத்தொரு வருடத்தில் என் சமையலுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை. உணவகச் சமையலை அவள் ஒருநாளும் மதித்ததில்லை, "வெள்ளைக்காரருக்குச் சரி" என்று முடித்துவிடுவாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் அந்தக் கிழமை மிச்ச நீர் முழுவதையும் துண்டாக்கினேன். சின்னக் கடதாசிக் கிண்ணங்களில் ஊற்றி, பிஸ்கட் ரின்னில் அடுக்கி, காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று என்று எண்ணி எண்ணிக் கொடுத்தேன். மச்சானுக்கும் ஒரு ரின். கோயிலில் சலரோகக்காரர் இரண்டு மூன்று பேருக்கும் பையில் போட்டுக் கொடுத்து, "பயப்பிடாமல் கடியுங்கோ" என்று சொன்னேன்.

மூன்றாவது பங்குனி. பாகு சரியான பதத்துக்கு வந்திருந்தது. நான் சட்டியைச் சரித்து ஊற்ற, மனைவி கிண்ணங்கள் அடுக்கிய தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வீட்டுச் செருப்பு, விரல் தெரிகிற செருப்பு. அகப்பையின் நுனியிலிருந்து ஒரு திரள் வழுவி அவள் இடது காலில், கடைசி இரண்டு விரல்களில் விழுந்தது. கொதிக்கிற எண்ணெயைவிடப் பொல்லாதது அது. எண்ணெய் வழிந்து ஓடிவிடும். பாகு ஒட்டிக்கொண்டு எரிக்கும். என் கையில் அப்படிப் பட்ட தழும்புகள் எத்தனையோ உண்டு. நான் கத்தினேன். அவள் தட்டைப் பிடித்தபடியே, "என்ன? ஏன் கத்திறீங்கள்?" என்றாள்.

"காலில ஊத்துப்பட்டுட்டுது!"

அவள் குனிந்து பார்த்தாள். விரலில் அது இறுகி மஞ்சளாக மினுங்கியது. "சுடேல்லையே" என்றாள். நான் அதைத் தண்ணீரில் கரைத்துக் கழுவினேன். தோல் சிவந்திருந்தது. அவளுக்கு நோகவில்லை. "உமக்கு எருமைத் தோல்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். இந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. கொதிபாகு விழுந்தும் சுடவில்லை என்று ஒருத்தி சொல்கிறாள். அவள் நரம்புகள் செத்துக்கொண்டிருக்கின்றன. நான் எருமை என்று பகிடி பண்ணிவிட்டு, அடுத்த கிண்ணத்துக்கு ஊற்றினேன்.

பத்து நாள் கழித்து அவளுடைய கால்மேசைக் கழற்றும்போது அது விரல் தோலோடு ஒட்டி வந்தது. கொப்புளம் உடைந்து, உள்ளே சாம்பல் நிறமாக இருந்தது. சுகாதார நிலையத்தில் மருந்து கட்டினார்கள். இரத்தத்தைச் சோதித்த டொக்டர், சீனி இவ்வளவு ஏறியிருந்தால் புண் எப்படி ஆறும் என்று கேட்டார். குளிசையைக் கூட்டினார், பிறகு ஊசியும் தந்தார். சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண் ஒருத்தியிடம் அனுப்பினார். இளம் பெண், பொறுமையானவள். மூன்று நாளுக்கு மனைவி வாயில் போடுவது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிவரச் சொன்னாள்.

நான் எழுதினேன். என் வடிவான எழுத்தில், பிரெஞ்சில். சோறு ஒரு கோப்பை, பருப்பு, கீரை, மீன் இரண்டு துண்டு, புட்டு இவ்வளவு. தேநீர், மூன்று தடவை, சீனி இல்லாமல். 'சீனி இல்லாமல்' என்பதற்குக் கீழே கோடும் போட்டேன். துண்டை எழுதவில்லை. மறைக்கவில்லை, எழுதத் தோன்றவேயில்லை. என் மனதில் அது மருந்து மாதிரி. மருந்தை யாராவது சாப்பாட்டோடு எழுதுவார்களா?

அந்தப் பெண் பட்டியலை இரண்டு தரம் வாசித்தாள். இது நல்ல சாப்பாடு என்றாள். பிறகு நெற்றியைச் சுருக்கி, "இதைத் தவிர வெளியில், உங்களுக்குத் தெரியாமல், ஏதாவது சாப்பிடுகிறாரா?" என்று என்னிடம் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். நான் அதை மனைவிக்கு மொழிபெயர்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஒளிச்சுத் தின்னுறீரோ?"

"என்னத்தை?"

"அதைத்தான் நான் கேக்கிறன். கோயில்ல பொங்கலோ? பின்வீட்டுப் பொம்பிளை கேக் தாறவளோ?"

"உங்களுக்கென்ன விசரோ?"

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. அவளுடைய ஹான்ட்பாக்கை எடுத்து மேசையில் கவிழ்த்துக் கொட்டினேன். பஸ் அட்டை, திருநீற்றுச் சரை, கண்ணாடி, கைலேஞ்சி, தொண்டைக்குச் சூப்புகிற இனிப்பு இரண்டு. இனிப்பைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். "இது என்ன?" "இருமலுக்கப்பா" என்றாள்.  ஈயத் தாளில் சுற்றிய துண்டு ஒன்றும் அதற்குள் கிடந்தது, என் மேப்பிள் துண்டு. வெளியில் எங்காவது தேத்தண்ணி குடிக்க நேர்ந்தால் என்று நானே வைத்தது. அதை எடுத்துப் பத்திரமாகத் திரும்பப் பைக்குள் வைத்தேன். இருமல் இனிப்பைக் குப்பையில் போட்டேன்.

அதோடு விட்டேனா? மச்சானுக்கு எடுத்துச் சொன்னேன், "உங்கட தங்கச்சி ஒளிச்சுத் தின்னுறா, கேளுங்கோ." மச்சான் அவளைத் தொலைபேசியில் பிடித்து ஏசினார். காலைக் கெடுக்கப் போகிறாய், இந்த வயதில் வாயைக் கட்ட முடியாதா என்று. அவர் ஏசி முடியும்வரை அவள் அதைக் காதில் வைத்தபடி நின்றாள். அன்றிலிருந்து சோற்றைப் பாதியாக்கினேன். வாழைப்பழத்தை நிறுத்தினேன். பசிக்கிறது என்றால், "புண் ஆறட்டும்" என்றேன். தேத்தண்ணி நேரத்தில் மட்டும் நான் இளகிப் போவேன். பாவம், வேறென்ன இருக்கிறது அவளுக்கு என்று சில நாள் இரண்டு துண்டு வைத்தேன்.

ஆனியில் அந்த இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்து மேசை லாச்சியில் பிஸ்கட் ரின்னையும் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அந்த ஆலோசனைப் பெண் வந்தாள். நான் மனைவிக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தேன். ரின் திறந்து கிடந்தது. என்ன இது என்று கேட்டாள். நான் பெருமையாக எடுத்து நீட்டினேன். எங்கள் மரம், நானே காய்ச்சியது, ருசி பாருங்கள் என்றேன். அவள் வாங்கவில்லை.

"இது இவருக்கா? ஒரு நாளைக்கு எத்தனை?"

சொன்னேன். அவள் ரின்னை மூடினாள். பிறகு மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வது போல், "ஆனால் மிசியே, இது சூக்ர்தானே" என்றாள். தண்ணீரை முழுக்க வற்றவிட்டால் மிஞ்சுவது வெறும் சூக்ர்தான், கடையில் பையில் வருவதும் இதுவும் உடம்புக்கு ஒன்றுதான் என்றாள். சீனிக்குப் பிரெஞ்சில் சூக்ர். சூக்ர், சூக்ர் என்று நாலைந்து தடவை சொன்னாள்.

எனக்கு அது தெரியாத விஷயமா? வான்கோழிக்கு மினுக்கம் வேண்டும், பன்றித்தொடைக்கு இனிப்பு வேண்டும் என்றால் இருபத்தெட்டு வருடமும் இதைத்தானே ஊற்றினேன். உணவகத்தில் அது சீனி, வீட்டில் அது பனங்கட்டி. வேலை உடுப்பைக் கழற்றும்போது அறிவையும் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.  கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னவாம்?" என்றாள்.

நான் சொன்னேன், "நேரத்துக்குச் சாப்பிடட்டாம். வேற ஒண்டும் இல்லை."

ஆலோசனைப் பெண் மனைவியின் கையைத் தொட்டு, விளங்கியதா என்பது போல் தலையை ஆட்டிக் கேட்டாள். மனைவி, "உவி, உவி, மெர்சி" என்றாள். பெண் திருப்தியோடு போய்விட்டாள். முதலில் செய்தது மடத்தனம். அதற்கு நான் என்னை ஒருவேளை மன்னித்திருக்கலாம். இது மடத்தனம் இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டு சொன்ன பொய். ஹான்ட்பாக்கைக் கொட்டியவன், மச்சானிடம் கோள் சொன்னவன், சோற்றைக் குறைத்தவன், நான்தான் உனக்குச் சீனி தந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வான்?

ரின்னைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துண்டுகளைத் தொட்டியில் கொட்டிச் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டேன். கரைந்து போக நெடுநேரம் எடுத்தது. அடுத்த நாள் மனைவியிடம், "பூஞ்சணம் பிடிச்சிட்டுது, எறிஞ்சிட்டன்" என்றேன். "ஓ" என்றாள். அதன்பிறகு ஒருநாளும், ஒரு தேத்தண்ணிக்கும், அவள் துண்டு கேட்கவில்லை. அதைக்கூட நான் அப்போது யோசிக்கவில்லை. தப்பினேன் என்றுதான் நினைத்தேன்.

புண் மேலே ஏறியது. துண்டை நிறுத்தியது காணாது, பிந்திவிட்டது. ஆவணியில் காலை எடுக்க வேண்டும் என்று சத்திரசிகிச்சை டொக்டர் சொன்னார். எந்த இடத்தில் வெட்டுவது என்று தன் காலிலேயே விரலால் கோடு இழுத்துக் காட்டினார். அதை நான் ஒரு சொல் விடாமல் சரியாக மொழிபெயர்த்தேன். அவள் அழவில்லை. "செருப்பு ஒண்டு மிச்சம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வீட்டில் நாங்கள் இருவரும் நல்ல மரியாதையாக நடந்துகொண்டோம். நான் அவளைத் தூக்கினேன், குளிக்க வார்த்தேன், வாசலுக்குச் சரிவுப் பலகை அடித்தேன். செயற்கைக் கால் கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சப்பாத்தோடு நிற்கும். அவள் அதைப் போட்டுப் பத்து அடி நடப்பாள், பிறகு களைத்து உருளும் கதிரையில் இருந்துவிடுவாள். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். தேத்தண்ணி ஆற்றும்போது நாக்கு நுனிவரைக்கும் வரும். கோப்பையைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பிவிடுவேன்.

பங்குனி வந்தது. முன்வீட்டுக்காரரின் வாளிகள் ஏறின. நான் டிரில்லைத் தொடவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மச்சான் வந்தார். கையில் நான் கொடுத்த அதே பிஸ்கட் ரின், கழுவித் துடைத்து, வெறுமையாக.

"எங்க மச்சான், இந்த வருசம் இன்னும் வாளி கட்டேல்லையோ? எனக்கு மார்கழியோட முடிஞ்சுது."

மனைவி உள் அறையில் இருந்தாள். கதவு திறந்திருந்தது. நான் குரலைத் தாழ்த்தி, "நான் விட்டிட்டன் மச்சான்" என்றேன்.

"ஏன் விட்டனீர்? உது நல்ல சாமான். எனக்கு ஒண்டும் செய்யேல்லையே. தங்கச்சிக்குப் புண்ணால வந்த வினை, அவள் வாயைக் கட்டேல்லை. அதுக்கு மரம் என்ன செய்யும்?"

இதற்காவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் முன்னால் நிற்கிறவரும் சலரோகக்காரர், அவருக்கும் இரண்டு கால் இருக்கிறது. ஆனால் என் வாயில் வந்தது வேறு. "மரம் பட்டுப்போச்சு. நீர் விடாது" என்றேன்.

"மரம் நல்லாத்தான் நிக்குது" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவள் கதிரையை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செயற்கைக் கால் போட்டிருக்கவில்லை. தமையனுக்கு முன்னால் வந்து நிறுத்தி, சட்டையின் விளிம்பை மேலே இழுத்து, வெட்டிய காலைத் தூக்கிக் காட்டினாள். தைத்த இடம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. மச்சான் முகத்தைத் திருப்பினார்.

"பாருங்கோ அண்ணை. வடிவாப் பாருங்கோ. அந்தத் துண்டு சீனி. வேற ஒண்டும் இல்லை, தனிச் சீனி. ஆஸ்பத்திரியில அந்தப் பிள்ளை எனக்கு முன்னாலதான் சொன்னவ. சூக்ர், சூக்ர் எண்டு எத்தினை தரம் சொன்னவ. இந்த நாட்டில முப்பது வருசம் கோப்பி வாங்கிக் குடிச்சவளுக்கு அந்தச் சொல் விளங்காதோ? இவர் எனக்கு, நேரத்துக்குச் சாப்பிடட்டாம் எண்டு சொன்னவர்."

 கதவு நிலையில் சாய்ந்தேன். ஒன்பது மாதமாக அவளுக்குத் தெரியும். நான் தூக்கியபோதும், குளிக்க வார்த்தபோதும், கோப்பையைக் கொடுத்துவிட்டுக் குசினிக்கு ஓடியபோதும் அவளுக்குத் தெரியும்.

"அறியாமல்..." என்று தொடங்கினேன்.

"ஓம், அறியாமல் தந்தீங்கள்" என்றாள். "அது எனக்குத் தெரியும். ஆசையாத்தான் தந்தீங்கள், நானும் ஆசையாத்தான் திண்டனான். கால் போனது போகட்டும், அதுக்கு நான் உங்களை ஒரு சொல் கேக்கேல்லை." குரல் உடைந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை, கோபம். "ஆனா என்ர பையைக் கொட்டிப் பாத்தீங்கள். களவெடுத்துத் தின்னுறவள் எண்டு அண்ணைக்குச் சொன்னீங்கள். பசிக்குது எண்டு கேக்க என்ர சோத்தைப் பாதியாக்கினீங்கள். இண்டைக்கும் அண்ணை என்ன சொல்லிப்போட்டு நிக்கிறார்? நான் வாயைக் கட்டேல்லையாம். இப்ப அவருக்குச் சொல்லுங்கோ."

மச்சான் வெறும் ரின்னைப் பிடித்தபடி நின்றார். வெளியே கூரைப் பனி உருகி ஒழுகுகிற சத்தம் கேட்டது. நான் அவரைப் பார்த்துச் சொன்னேன். "அவ ஒண்டும் ஒளிச்சுத் தின்னேல்லை, மச்சான். நான்தான் குடுத்தனான். ஒவ்வொரு நாளும் நான்தான் குடுத்தனான். நீங்களும் இனித் தின்னாதேங்கோ."

 மச்சான் தங்கையின் தலையில் கையை வைத்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ரின்னை வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அன்று பின்னேரமே, துண்டு வாங்கிய கோயில்காரர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னேன். அதில் ஒருவர், "உது சும்மா கதை அண்ணை, எனக்குக் குறைஞ்சது" என்று என்னோடு சண்டை பிடித்தார். சொல்லி முடித்த பிறகு தேத்தண்ணி ஆற்றி மனைவியிடம் கொண்டுபோனேன். அவள் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, வெறும் சாயத்தை மெல்ல மெல்லக் குடித்தாள். குடித்து முடியும்வரை நான் பக்கத்தில் நின்றேன். கோப்பையைத் திருப்பித் தரும்போதும் அவள் என்னைப் பார்க்கவில்லை.